சிறகு இருந்தால் ஜங்கார் எதற்கு

என் கையெழுத்துக்கும் எழுத்துப் பிழைக்கும் முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. பிரஷ் பிடித்த கைக்குப் பேனா இன்னும் அடங்கவில்லை.

மட்டாஞ்சேரியில் சுவருக்குப் பெயிண்ட் அடிப்பது என் தொழில். மேலே கிரீம், கீழே பிரவுன் பட்டை, அவ்வளவுதான் கேட்பார்கள். எனக்குப் படம் வரைய வரும் என்று நானாக யாரிடமும் சொன்னதில்லை. கூச்சம். போன வேனிலில்தான் மழலைப் பள்ளி நடத்தும் ஒரு டீச்சர், வெளிச்சுவரைக் காட்டிக் கேட்டார்.

"சேட்டனுக்குப் படம் வரைய அறியாமோ? பழைய கார்ட்டூன்ல பூனை, எலி, வாத்து எல்லாம் வருமே, அதுங்களை மாடர்ன் ஃபேரி ஆக்கணும். கையில ஃபோன், காதுல ஹெட்செட். பிள்ளைங்க பார்த்தா சிரிக்கணும்."

எனக்குத் தெரிந்த ஃபேரி, ஃபோர்ட் கொச்சியிலிருந்து வைப்பினுக்குப் போகும் ஃபெரிப் படகு. மாடர்ன் என்றதால், பழைய படகு வேண்டாம், காரும் பைக்கும் ஏற்றுகிற ஜங்கார் வேண்டும் என்று புரிந்துகொண்டேன். திருப்பிக் கேட்க வாய் வரவில்லை. டீச்சர் லீவுக்கு ஊருக்குப் போய்விட்டார்.

வெயிலில் நின்று வரைந்தேன். பூனை ஹெல்மெட்டோடு ஸ்கூட்டரில் உட்கார்ந்து ஃபோனை நோண்டியது. எலி ஹெட்செட்டோடு கம்பியில் சாய்ந்து நின்றது. தண்ணீரைக் கடக்க வாத்தும் டிக்கெட் எடுத்திருந்தது. எல்லாவற்றையும்விட ஜங்காரைத்தான் ஆசையாக வரைந்தேன். துருப்பிடித்த சங்கிலி, பக்கத்தில் கட்டிய டயர், கரையில் இறங்கும் இரும்புப் பலகை, ஒன்றையும் விடவில்லை. வைப்பினிலிருந்து தினமும் வரும் ஆயா பார்த்துவிட்டு, "அய்யோ, இது நம்ம ஜங்கார் அல்லே!" என்று கைதட்டினார்.

திரும்பி வந்த டீச்சர் சுவரின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்து பார்த்தார்.

"சேட்டா, சிறகு எங்கே?"

"வாத்துக்கு இருக்கு டீச்சர்."

அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "ஃபேரின்னா கதையில வர்ற குட்டி தேவதை, சேட்டா! சிறகு வெச்சுப் பறக்கும்!"

ஒரு படத்தைக் காட்டியிருந்தால் எனக்கு அப்போதே புரிந்திருக்கும். எரிச்சலை விழுங்கிக்கொண்டு எல்லோருக்கும் சிறகு வைத்தேன். பூனையின் ஹெல்மெட்டுக்குப் பின்னால்கூட வைத்தேன். பார்க்க நன்றாகவே இருந்தது. இந்தக் காலத்துத் தேவதைகள் அவசரமாக வேலைக்குப் போவது போல இருந்தது. இதோடு விடுவார்கள் என்று நம்பினேன்.

ஆயாதான் கெடுத்தார். "சிறகு உண்டல்லோ, பின்னே டிக்கெட்டு எதுக்கு?"

டீச்சர் சிரித்தார். பிறகு சுவரைப் பார்த்தார். "அது சரியாணு. நீலம் அடிச்சு ஜங்காரை மாய்ச்சிடுங்க சேட்டா."

விளையாட்டாகச் சொன்ன பேச்சுக்கு என் ஜங்கார் போயிற்று. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் நீலத்தை எடுத்து நானே அடித்தேன். இப்போது பூனை ஸ்கூட்டரோடு ஆகாயத்தில் தொங்குகிறது. வருகிறவர்கள் அழகு என்கிறார்கள். எனக்கு அந்தத் தெரு வழியாகப் போகவே பிடிக்கவில்லை.

இந்த மழையில் நீலம் உரிந்திருக்கிறது. டீச்சர் ஃபோன் செய்தார். "சுவர்ல ஏதோ துரு மாதிரி தெரியுது சேட்டா. வந்து ஒரு கோட்டு அடிச்சிட்டுப் போங்க."

துரு இல்லை, அது என் சங்கிலி.

மழை விடட்டும் டீச்சர் என்று சொல்லியிருக்கிறேன். மழை நேற்றே விட்டுவிட்டது. நான் வீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

கர்க்கடகம், அதாவது ஆடி மாதம், முதல் ஞாயிற்றுக்கிழமை.