மீசை வைத்த முருகன்

முருகனுக்கு மீசை உண்டென்று எட்டு வயதில் எங்கள் வீட்டில் முதலில் கண்டுபிடித்தவள் நான்தான். கண்டுபிடித்த இடம் இந்தக் குளிர்நாட்டுக்குப் புலம்பெயர்ந்து வந்து டோர்செட் பார்க்கில் நாங்கள் இருந்த அப்பார்ட்மென்ட்டின் ஒன்பதாம் மாடி. சரியாகச் சொன்னால், சின்னம்மா வீட்டுக் கதவடி.

சின்னம்மா அம்மாவின் தங்கை. எங்களுக்கு அடுத்த கதவு. கலியாணமாகி ஏழு வருடமாகியும் பிள்ளையில்லை. அந்த வருடமும் கந்தசஷ்டிக்கு ஆறு நாள் பட்டினி கிடந்தபடியே வேலைக்கும் போய்வந்தார்.

சஷ்டி முடிந்து சில நாள் கழித்து, நான் பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்ட ஒரு காலையில், முருகன் படம் ஒன்று சின்னம்மாவின் கதவில் சாய்ந்து நின்றது. நான் அறிந்த முருகன் கலண்டரில் கன்னம் சிவக்கச் சிரிப்பவர். இவர் வேறு. ஒரே இழுப்பில் போட்ட தடித்த கரிய கோடுகள். சுருட்டை முடி, மெல்லிய மீசை, விசிறிபோல் விரிந்த வேட்டி மடிப்பு, காலில் கறுப்புச் சப்பாத்து. கையில் வேலுக்குப் பதில் வில். கீழே மயில். போருக்குப் போகிறவர் கலியாண வீட்டுக்குப் போவதுபோல உடுத்தியிருந்தார். காதுவரை நீண்ட கண்களால் என்னையே பார்த்தார். அதற்குமுன் என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்குள் ஓடினேன்.

"எங்கட வாசல்ல நிண்டவர், அம்மா," என்று கூசாமல் சொன்னேன்.

அம்மா உடனே கும்பிட்டார். "மீசையும் வைச்சிருக்கிறார். பறவாயில்லை, இந்தக் குளிருக்கு நல்லதுதான்," என்று சொல்லி, சாமியறையாக மாற்றியிருந்த உடுப்புக் குளோசெட்டில் வைத்துப் பூவும் வைத்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை, எதிர்வீட்டு பெங்காலி அன்ரி தேத்தண்ணிக்கு வந்தார். குளோசெட்டைக் கண்டதும் அவருடைய சிரிப்பு நின்றுபோனது. படம் எங்கே இருந்தது என்று கேட்டார். எங்கள் வாசலில் என்றார் அம்மா. அன்ரி என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாக ஆங்கிலத்தில் விளக்கினார். அவர்களுடைய ஊரில் இவர் பெயர் கார்த்திக். பிள்ளையில்லாத வீட்டு வாசலில் இவர் சிலையை யாருக்கும் தெரியாமல் வைத்துவிடுவார்களாம். உள்ளே எடுத்துக் கும்பிடுகிற வீட்டில் பிள்ளை பிறக்குமாம். சிலை கிடைக்காத இடத்தில் படமும் போதுமாம். வைத்தவர் வாய் திறப்பதில்லையாம்.

"ஐயோ, எனக்கு இனியுமோ!" என்று அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். தேத்தண்ணித் தட்டோடு நின்ற சின்னம்மா சிரிக்கவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டிய நேரம் அதுதான். சொன்னால் அவரைச் சின்னம்மாவிடம் கொடுக்க வேண்டி வருமே! வாயை இறுக மூடிக்கொண்டேன்.

மறு வருடம் தம்பி பிறந்தான். அவனை வீட்டில் முதன்முதல் குளிப்பாட்டியது சின்னம்மாதான்.

சின்னம்மாவும் சித்தப்பாவும் அஜக்ஸ் என்ற பக்கத்து ஊரில் வீடு வாங்கிப் போன நாளில், பெட்டியெல்லாம் ஏற்றியபின் சின்னம்மா வந்து படத்தின் முன் நின்றார். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

"சின்னம்மா, உவரைக் கொண்டுபோகப் போறியளோ?"

"இல்லையடி. உனக்கு அவரில எவ்வளவு ஆசையெண்டு எனக்குத் தெரியும். அண்டைக்கு நீ தூக்கிக்கொண்டு ஓடினதைக் கதவில இருக்கிற கண்ணாடி ஓட்டையாலை பார்த்துக்கொண்டு நிண்டனான்."

என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு லிஃப்டுக்குப் போனார். அம்மாவிடம் அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, படமும் எங்களோடுதான் என்று எனக்கு ஒரே சந்தோஷம். துள்ளிக்கொண்டு போய்த் தம்பியைத் தூக்கினேன். மூன்று அறை வீட்டுக்கு அவர்கள் இரண்டு பேராகவே போகிறார்கள் என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை.