வெரிபீ ஸ்டேஷனில் ராசா நடை

மெல்பன் புறநகரான வெரிபீயின் ஸ்டேஷனில் நகரத்துக்குப் போகும் ரயில் தாமதமாகிக்கொண்டே இருக்கிறது. என் அக்காவின் மகள் டிலானி ராசா உடுப்போடு நின்று நகம் கடிக்கிறாள். ஏழு மணிக்கு அவளுடைய நாடகத்தின் கடைசி ஒத்திகை.

மெல்பனில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாடகம் எழுதி நடித்த ஒருத்தியின் வாழ்க்கைக் கதை அது. ராசாவாக நடிக்க வேண்டியவன் ஓடிப்போனதும் அவளே மீசை ஒட்டிக்கொண்டு மேடையேறினாளாம். அவளாக நடிப்பவள் டிலானி.

போய் ஒப்பனை செய்ய இனி நேரமிருக்காது. மன்னாரில் கூத்தாடிய நான் இங்கேயே மீசையை ஒட்டிவிடுகிறேன். சனம் பார்க்கப் பார்க்க எனக்குக் காது சுடுகிறது.

"மாமா, இண்டைக்கும் ராசா நடை வராட்டி அந்த சீனையே தூக்கிப்போடுவினம். ஒருக்கா நடந்து காட்டுங்கோ."

"நான் இருபது வருசம் ராணி வேசம் மட்டுந்தான் கட்டினனான், பிள்ளை."

"அப்ப ராசாவுக்குப் பக்கத்திலதானே நிண்டனீங்கள்?"

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பிளாட்பார முனைவரை நடக்கிறேன். வழியில் இரண்டு பேரிடம் "சொரி" சொல்லி ஒதுங்குகிறேன்.

முனையில் நின்று திரும்பிப் பார்க்கிறேன். தூரத்தில் ரயில் தெரிகிறது. டிலானி அதே நடையில் வருகிறாள். சனம் விலகி அவளுக்கு வழி விடுகிறது.