ட்ரில் மாஸ்டர் எண்ணுகிறார்

ஒரு வாக்குச்சீட்டை எடுக்கிறார். பிரிக்கிறார். தலைக்கு மேலே தூக்கி இடப்புறம், வலப்புறம், பின்வரிசை என்று திருப்பிக் காட்டுகிறார். "எல்லாரும் பாத்தாச்சா?" ஆமாம் என்று குரல் வந்தால்தான் குவியலில் போடுவார். வராவிட்டால் தூக்கிய கை இறங்காது. நமக்குத்தான் கழுத்து வலிக்கும்.

எங்கள் கடைத்தெருச் சங்கத் தேர்தல் என்றால் எண்ணுவது ட்ரில் மாஸ்டர்தான். பக்கத்துப் பள்ளிக்கூடத்து விளையாட்டு ஆசிரியர். அவர் குரலுக்கு மைக் வேண்டாம். வீட்டிலும் இதே கூத்துதான். துவைத்த காலுறைகளை ஜோடி சேர்க்கும்போதுகூட ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டுவாராம். "கிழிசல் உங்களுதுதான், தெரியும், இறக்குங்க" என்பாராம் மனைவி. பட்டனை அமுக்கினால் முடிவு சொல்லும் மிஷின் வாங்கலாம் என்று ஒருமுறை பேச்சு வந்தது. மாஸ்டர் மசியவில்லை. "உள்ள என்ன நடக்குதுன்னு யாரு எட்டிப் பாக்கிறது? தோத்தவன் கண்ணால பாக்கணுங்க. அப்பதான் நிம்மதியா தூங்குவான்."

இந்த முறை தலைவர் பதவிக்கு நின்றவர்கள் செருப்புக்கடைக்காரரும் ரொட்டிக்கடை அக்காவும். அக்கா, மாஸ்டரின் மனைவி. என்னை விட்டுவிடுங்கள் என்று மாஸ்டர் கையெடுத்துக் கும்பிட்டார். செருப்புக்கடைக்காரரே விடவில்லை. "நீங்க எண்ணினாதான் சார் நான் நிப்பேன்." அக்காவுக்கோ அந்த நாற்காலி மேல் கொள்ளை ஆசை. போன தடவை தோற்றவர், இந்தத் தடவை கடை கடையாக ஏறி இறங்கியிருந்தார்.

கடைசிச் சீட்டு. அக்கா ஒரே ஒரு ஓட்டில் பின்தங்கி நிற்கிறார். பிரித்த மாஸ்டரின் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் கை தானாக மேலே போனது. முத்திரை அக்காவின் பெயருக்கு நேரே லட்சணமாக விழுந்திருந்தது. பக்கத்திலேயே அக்காவின் கையெழுத்து! நாளெல்லாம் ரசீதில் போட்டுப் பழகிய கை, வாக்குச்சீட்டையும் விட்டுவைக்கவில்லை.

யார் போட்டது என்று காட்டிக்கொடுக்கும் ஓட்டு செல்லாது. சங்கத்து விதி அப்படி. கூடமே குலுங்கியது. சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. செருப்புக்கடைக்காரர் கண்ணைப் பொத்திக்கொண்டார். "நான் ஒண்ணும் பாக்கலை சார். சேத்து சமமாக்கிடுங்க."

"கண்ணைத் திறங்க. நீங்க பாத்தாதான் இறக்குவேன்," என்றார் மாஸ்டர். பிறகு மனைவி பக்கம் திரும்பினார். மைக் வேண்டாத அந்தக் குரல் முன்வரிசையைத் தாண்டவில்லை. "செல்லாதும்மா."

அக்கா முறைத்தார். முறைப்பு நிலைக்கவில்லை; அவருக்கும் சிரிப்பு பீறிட்டது. "வீட்டுக்கு வாங்க, பேசிக்கறேன்."

தோற்றவர் கையெழுத்துப் போட்டால்தான் எங்கள் சங்கத்தில் முடிவு முடிவாகும். மாஸ்டர் முடிவுத் தாளை நீட்டினார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதே கையெழுத்தைப் பெரிதாகப் போட்டு, கீழே இரண்டு கோடும் இழுத்தார்.