கொலுவில் நின்ற ஏழாம் நம்பர்

அந்த வருஷம் எங்கள் வீட்டில் இரண்டு இடமாற்றங்களைப் பற்றிப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. ஒன்று, எங்கள் நியூ ஜெர்சி கால்பந்து அணியின் ஏழாம் நம்பர் ஆட்டக்காரரை லீக் டெக்சாஸுக்கு அனுப்பப்போகிறது என்பது. இன்னொன்று, அப்பாவுக்கு டெக்சாஸில், ரிச்சர்ட்சனில் ஒரு டெலிகாம் கம்பெனியில் நல்ல வேலை வந்திருக்கிறது, அம்மா அங்கே வர மாட்டேன் என்கிறாள் என்பது. ஒன்பது வயதில் எனக்குத் தெரிந்தது முதலாவது மட்டும்தான். இரண்டாவதைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். முதலாவதை வீடே அதிரப் பேசினார்கள்.

அதிரவைத்தவர் மாமா, அம்மாவின் தம்பி. எங்கள் அபார்ட்மென்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தார். குக்கர் சத்தம் அவருக்குக் கேட்கும் என்று அப்பா சொல்வார். ஊரில் இருந்தவரை கிரிக்கெட்டைத் தவிர வேறெதையும் ஏறெடுத்துப் பார்க்காதவர், இங்கே வந்து உலகக் கோப்பை ஆட்டம் ஒன்றை நேரில் பார்த்ததும் கால்பந்துக்கு மதம் மாறிவிட்டார். மாறியவர் சும்மா இருப்பாரா? பிறந்து சில வருஷமே ஆன அமெரிக்க லீக்கை வளர்த்து ஆளாக்கும் பொறுப்பைத் தானாக எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். உள்ளூர் ஆட்டம் என்றால் வேன் பிடித்து நாலு தமிழ்க் குடும்பங்களை ஏற்றிப் போவார். உள்ளே சாப்பாடு கொண்டுபோகக் கூடாது என்பதால் பார்க்கிங்கிலேயே புளியோதரைப் பந்தி நடக்கும். அரங்கம் அவ்வளவு காலி, ஆளுக்கு மூன்று நாற்காலி தேறும். பந்து கோட்டைத் தாண்டி வெளியே போனால் எங்கள் அங்கிள்கள் எழுந்து கைதட்டுவார்கள், பவுண்டரி என்ற பழக்கத்தில். மாமா தலையில் கை வைத்துக்கொள்வார்.

ஏழாம் நம்பர் என் ஆள். ஒரு ஆட்டம் முடிந்து வேலியோரமாக வந்தவர் என் கையில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனார். அன்று ராத்திரி அந்தக் கையால் சாப்பிட மாட்டேன் என்று அடம் பிடித்து அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். பிறந்ததிலிருந்து நாங்கள் மூன்று ஊர் மாறியிருந்தோம். நான் உரிமையோடு ‘எங்கள்’ என்று சொல்லிக்கொண்ட முதல் மனிதர் அவர்தான்.

அதனால் அந்த நவராத்திரிக்குக் கொலுவின் கீழே பார்க் வேண்டாம், கால்பந்து மைதானம்தான் வேண்டும் என்றேன். அம்மா ஒத்துக்கொண்டாள். அட்டைப் பெட்டிகளை அடுக்கி, மேலே வேட்டி விரித்த படிகளில் பிள்ளையாரும் தசாவதாரமும் செட்டியாரும் உட்கார்ந்தார்கள். அவர்கள் காலடியில் ஒரு பெரிய அலுமினியத் தட்டில் மண் பரப்பி, கேக் மேலே வைக்கிற பிளாஸ்டிக் ஆட்டக்காரர்களை ஊன்றி, சுற்றிலும் வெந்தயம் தூவினோம். நம் அணிக்கு அம்மாவின் சிவப்பு நெயில் பாலிஷ். எதிரணியான டெக்சாஸுக்கு அப்பா ஆபீஸிலிருந்து கொண்டுவந்த வெள்ளை மை. ஏழாம் நம்பரின் முதுகில் எண்ணை நானே எழுதினேன். அது ஒன்று மாதிரித்தான் இருந்தது. கொலு தொடங்கியபோது வெந்தயம் கணுக்கால் அளவு முளைத்திருந்தது.

மூன்றாம் நாள் மாமா கையில் ஒரு கத்தைக் காகிதத்தோடு வந்தார். இன்டர்நெட்டில் ரசிகர்கள் அடித்துக்கொள்ளும் பக்கங்களை ஆபீஸ் பிரின்டர் இருக்கும் தைரியத்தில் அச்செடுத்திருந்தார்.

“முடிஞ்சுபோச்சு அத்தான். நெக்ஸ்ட் சீசன் ஏழாம் நம்பர் டெக்சாஸுக்கு. லீக்கே டிசைட் பண்ணிடுச்சு.”

“அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாங்களா?” என்றார் அப்பா.

“எதுக்குக் கேக்கணும்? கான்ட்ராக்ட் லீக்கோடது. இங்கயே எல்லா ஸ்டாரும் இருந்தா அங்க யாரு டிக்கெட் வாங்குவா? நாலு ஊருக்கும் ஆள் போனாத்தான் லீக் வளரும்.”

“மாப்ளே, ஆள் என்ன ஃபர்னிச்சரா? அந்த மனுஷனுக்கு இங்க ஒரு வீடு இருக்கு, ஊர் இருக்கு. பேரைச் சொல்லிக் கூப்பிட ஜனம் இருக்கு. அதையெல்லாம் பிடுங்கிட்டுப் போய் நட்டா ஆட்டம் வருமா?”

இப்படியே ஒரு கிண்ணம் சுண்டல் காலியாகும்வரை போயிற்று. கடைசியில் மாமா, செய்தி உறுதியான பிறகு பொம்மை பொய் சொல்லக் கூடாது என்று டெக்சாஸ் பக்கம் மாற்றி நடக் குனிந்து ஏழாம் நம்பரின் தலையைப் பிடித்தார். நான் ‘நோ’ என்று கத்திய கத்தலில் அடுக்களையிலிருந்து அம்மா வந்துவிட்டாள்.

“கைய எடுடா. கொலு வெச்சா வெச்சதுதான். விஜயதசமி வரைக்கும் இங்கேயிருந்து ஒருத்தரும் நகரக் கூடாது.”

சொன்னபோது அவள் மாமாவைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தாள். அப்பா சுண்டல் கிண்ணத்தைப் பார்த்தார். எனக்கு அதெல்லாம் அப்போது புரியவில்லை. லீக்கைவிடப் பெரிய அதிகாரி ஒருத்தி எங்கள் வீட்டிலேயே இருக்கிறாள் என்று அன்று தெரிந்துகொண்டேன். என் கணக்கு எளிமையானது. பொம்மை நகராதவரை ஆளும் நகர மாட்டார். அதனால் தினமும் எல்லாருக்கும் தெளிக்கிற தண்ணீரோடு ஏழாம் நம்பருக்கு மட்டும் ரகசியமாக இன்னொரு டம்ளர் ஊற்றினேன், வேர் அவர் காலைக் கட்டிப் பிடித்துக்கொள்ளட்டும் என்று. வெந்தயம் அவரைச் சுற்றி இடுப்பளவு வளர்ந்தது. வெற்றிலை பாக்கு வாங்க வந்த ஒரு ஆன்ட்டி, ‘யாருடி இது, காட்டுக்குள்ள தொலைஞ்சவர்?’ என்று கேட்டார்.

சனிக்கிழமை மறுபடி விவாதம். இந்தத் தடவை மாமா கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார். டெக்சாஸில் பந்தைத் தொட்டே பார்க்காத பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களுக்கு ஒரு ஆள் வேண்டாமா, போகிறவர் தன் ஆட்டத்தை இங்கேயே விட்டுவிட்டா போகிறார், கூடத்தானே கொண்டுபோகிறார் என்றெல்லாம் பேசினார். அப்பாவும் விடவில்லை. ஒரு ஆளை வேரோடு பிடுங்குவது பாவம் என்றார்.

வந்தவர்களுக்குக் குங்குமம் எடுத்து வைத்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள்.

“ரெண்டு பேரும் நல்லாத்தான் பேசறீங்க. டேய், ஊரான் போனா லீக் வளரும், உங்க அக்கா போனா மட்டும் உனக்குச் சோறு இறங்காது. நீங்க, பந்து ஆடறவன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்பீங்க. பாத்திரம் தேய்க்கறவகிட்ட ஆஃபர் லெட்டர்ல சைன் பண்ணிட்டுச் சொல்வீங்க. மாமியார் உடைச்சா மண்குடம், மருமக உடைச்சா பொன்குடம்.”

கால்பந்தில் பாத்திரமும் குடமும் எங்கே வந்தது என்று நான் யோசித்தேன். கேட்கலாம் என்று வாயைத் திறந்தபோது அப்பா என் வாயில் ஒரு லட்டைத் திணித்தார்.

அம்மாவின் கோபம் நியாயமானது என்று இன்று சொல்லிவிடுகிறேன். முந்தைய மூன்று ஊர்களிலும் அவள் பேச்சுத்துணைக்கு அலைந்திருக்கிறாள். ஜெர்சியில்தான் டிரைவிங் டெஸ்டில் தேறினாள். சனிக்கிழமைகளில் ஒரு சமூகக் கூடத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தாள். நாங்கள் இங்கிலீஷில் பதில் சொல்ல, அவள் தமிழில் திருப்பிக் கேட்க, அந்த வகுப்பு ஒரு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. தம்பி கூப்பிடு தூரத்தில். இத்தனையையும் விட்டுவிட்டு யார் போவார்?

அதற்கு மறுநாளோ அதற்கடுத்த நாளோ ரிச்சர்ட்சனிலிருந்து ஒரு ஃபோன் வந்தது. அப்பாவின் நண்பருடைய மனைவி. அம்மா முதலில் சுவரில் சாய்ந்தபடி ‘உம், உம்’ என்றுதான் கேட்டாள். பிறகு ஃபோன் வயரை விரலில் சுற்றிக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள். “எத்தனை பசங்க?” என்றாள். “சொல்லிக்குடுக்க ஒருத்தருமே இல்லையா?” என்றாள். கடைசியில், “கார் நிறுத்தற கராஜ் பெருசா இருக்குமா அங்கல்லாம், பசங்க உக்கார?” என்றாள். ஃபோனை வைத்த பிறகு கொலு முன்னால் வந்து கொஞ்ச நேரம் நின்றாள். மைதானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கூடுதலாகத் தண்ணீர் ஊற்றுவது தெரிந்துவிட்டதோ என்று டம்ளரை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன்.

விஜயதசமி அன்று இருட்டியதும் ஆரத்தி எடுத்தோம். கொலு முடிந்தது என்பதற்கு அடையாளமாக அம்மா மரப்பாச்சி இரண்டையும் படுக்க வைத்தாள். மாமா, அப்பா, நான் மூன்று பேரும் நின்றிருந்தோம். அவள் அடுக்களைக்குப் போய் ஒரு தோசைக் கரண்டியோடு வந்தாள். மைதானத்தின் முன்னால் உட்கார்ந்து, ஏழாம் நம்பரைச் சுற்றிக் கரண்டியை ஆழமாக விட்டு, அவரை வெந்தயமும் மண்ணும் வேருமாக அப்படியே தூக்கினாள். நான் ஊற்றிய தண்ணீர் வீணாகவில்லை. ஒரு துணுக்கு மண்கூட உதிரவில்லை. எதிர்ப்பக்கம் டெக்சாஸ் அணியின் நடுவே ஒரு பள்ளம் பறித்து அவரை இறக்கி, ஓரத்தை விரலால் அழுத்தினாள்.

“நீதானே ஒருத்தரும் நகரக் கூடாதுன்னு...” எனக்கு அழுகை வந்துவிட்டது. அதிர்ச்சியில் முழு வாக்கியமும் தமிழில் வந்ததை யாரும் கவனிக்கவில்லை.

“விஜயதசமி வரைக்கும்னுதானே சொன்னேன்? அழாதடி. வேரோட எடுத்து வெச்சா வாடாது.” அப்புறம் நிமிராமலே, “போற இடத்துல நல்லா ஆடட்டும்” என்றாள்.

லீக்கின் முடிவைக் கொண்டாட வேண்டிய மாமா, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு ராத்திரி அவர் எங்கள் வீட்டில் சாப்பிடவில்லை, அப்படிச் சாப்பிடாமல் போன வேறொரு நாள் எனக்கு ஞாபகம் இல்லை.

அப்பா அடுக்களைக்குப் போனார். ஒன்பது நாள் சுண்டல் கண்ட பாத்திரங்கள் சிங்க்கில் மலையாகக் கிடந்தன. சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேய்க்க ஆரம்பித்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது, அவர் கண்ணும் கொட்டிக்கொண்டிருந்தது. ஏழாம் நம்பருக்காக இவ்வளவு தூரம் அழுகிற ஒரே ஆள் என் அப்பாதான் என்று நினைத்தேன். என் துக்கம்கூட இரண்டாம்பட்சமாகிவிட்டது. அவர் முழங்கையைத் தொட்டு, “இட்ஸ் ஓகே அப்பா, வீ கேன் கோ சீ ஹிம் இன் டெக்சாஸ்” என்றேன்.

அப்பா ஈரக் கையோடு என்னைத் தூக்கிக்கொண்டு சிரித்தார். தோற்ற கட்சிக்காரர் இப்படிச் சிரிப்பாரா என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. ஆனாலும் அவரைத் தேற்றியது நான்தான் என்ற பெருமையோடு தூங்கப் போனேன்.