சந்தனம் வைத்த ஹார்டு டிஸ்க்

சென்னிமலைப் பெட்ஷீட்டுகளுக்கு டிசைன் போட்டுக் கொடுப்பது அப்போது என் தொழில். துடியலூர் வீட்டின் முன்னறையில் ஒரு பழைய 486 கம்ப்யூட்டர். அதில் டிசைன்களுக்கு இடமே இல்லாமல் போனதால், இரண்டு ஜிபி ஹார்டு டிஸ்க் ஒன்று வாங்கினேன். கடைக்காரர் தலையை ஆட்டினார். "பழைய மெஷினுங்க. ஐநூறு எம்பிக்கு மேல காட்டாதுங்க. பேசாம புதுசு வாங்கிக்குங்க."

கணவரின் அண்ணன், பெரிய மாமாவுக்கு அந்த ஒரு பேச்சு போதும். தன் மோட்டார் பட்டறைக்கு, முன்னறையில் காயில் சுற்ற ஆள் வைக்க வேண்டுமென்று ரொம்ப நாளாகக் கண் வைத்திருந்தார். "விசயதசமிக்கு வேல ஆரம்பிக்கோணும். அதுக்குள்ள உன்ர பொட்டி முழுசா ஓடுனாச் செரி. இல்லீனா எடத்தக் காலி பண்ணிப்போடு அம்மணி" என்றார். அந்த அறை போனால் என் தொழில் போச்சு. என் கணவர் செய்தித்தாளுக்குள் புகுந்துகொண்டார். எனக்கு அவர் மேல்தான் அதிக எரிச்சல்.

டிஸ்கைக் கையில் எடுக்க ஆயுத பூஜை மதியம்தான் நேரம் கிடைத்தது. அதற்குள் மாமியார் ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவரோடு அதையும் பூஜையில் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டுவிட்டார். பூஜை வைத்த சாமானை மறுநாள் காலை வரை தொடக்கூடாது. நான் டிஸ்கையும் எடுத்தேன், ஸ்க்ரூடிரைவரையும் எடுத்தேன்.

"சாமி கும்பிட்டதத் தொடாத கண்ணு."

"வேல நடக்கோணும்னுதானுங்க அத்தை சாமி கும்பிட்டோம்."

மாட்டிப் பார்த்தால், டிஸ்க் இருப்பதே கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை. கழற்றினேன். கேபிள் சொருகும் ஊசிகளுக்கு நடுவே சந்தனம் காய்ந்து அப்பியிருந்தது. ஊக்கால் ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுத்தேன். இந்த முறை தெரிந்தது, ஐநூறு மட்டும். கதவோரம் நின்ற பெரிய மாமா சத்தமாகவே சிரித்தார்.

சிரிக்கட்டும் என்று, டிஸ்கோடு ஒரு உறையில் வந்த ஃபிளாப்பியைப் போட்டேன். பழைய மெஷினிலும் டிஸ்கின் முழு அளவைக் காட்ட வைக்கும் புரோகிராம் அதில் இருந்தது. கடைக்காரர் அந்த உறையைப் பிரித்துக்கூடப் பார்த்திருக்கவில்லை. திரை கேட்ட கேள்விகளை எழுத்துக்கூட்டிப் படித்துப் பதில் தட்டினேன். அணைத்துப் போட்டபோது இரண்டு ஜிபியும் வந்து நின்றது.

பெரிய மாமா உள்ளே வந்து குனிந்து பார்த்தார். குரல் நன்றாகத் தணிந்திருந்தது.

"இத்தன எடம் கெடக்குதே அம்மணி. நம்ம பட்டறைக் கணக்கையும் இதுலயே ஏத்திப்போடலாமல்ல?"

"இல்லீங்க மாமா. எடம் பூராவும் எனக்கு வேணுங்க" என்றேன். "இந்த ரூமுந்தானுங்க."