கருப்பு ஒயரும் ஒரு பிடிப் பொரியும்

எங்கள் வீட்டில் ஆயுதபூஜைக்குப் பொட்டு வைப்பது என் இலாகா. மனைவி சுண்டல் தாளிக்கும் நேரத்தில் சந்தனக் கிண்ணமும் குங்குமச் சிமிழும் என் கைக்கு வந்துவிடும். பொட்டு விஷயத்தில் நான் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை. அரிவாள்மனை, மிக்சி, ஸ்கூட்டர், தண்ணீர் மோட்டார், இஸ்திரிப் பெட்டி என்று வீட்டையே ஒரு சுற்றுச் சுற்றி வருவேன். போன வருஷம் மோடத்தையும் விடவில்லை. ஒயரைக் கழற்றி, தூசி துடைத்து, முன்னும் பின்னும் சந்தனம் குழைத்து அப்பி, மேலே குங்குமம் வைத்துப் பார்த்தபோது அது எங்கள் குலதெய்வத்துக்குத் தம்பி மாதிரி இருந்தது.

அந்த மோடத்தை நம்பித்தான் என் மனைவியின் உத்தியோகம். வெளிநாட்டு ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்க்கிற வேலை. கம்பெனி சென்னையில், அவள் அறந்தாங்கிக்கு வெளியே எங்கள் வீட்டு மாடி அறையில். மோடம் கீழே கூடத்தில் இருக்கிறது. வைஃபை மாடிப்படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடும். அதனால் மோடத்திலிருந்து நீல ஒயர் ஒன்று ஜன்னல் வழியாக வெளியேறி, சுவரில் ஏறி, மொட்டை மாடியைக் கடந்து அவள் கம்ப்யூட்டருக்குப் போகும்.

மறுநாள் விஜயதசமி அன்று மதியம் மூன்று மணிக்குக் கம்பெனிக்காரர்கள் அந்த இணைப்பைச் சோதிப்பதாகச் சொல்லியிருந்தார்கள். பில் அனுப்புகிற நாட்டில் விஜயதசமி கிடையாதே. ஒயர் வழியாகத்தான் பேச வேண்டும். பாதியில் அறுந்தால் வீட்டிலிருந்து பார்க்கும் வேலை அத்தோடு சரி, அடுத்த மாதமே சென்னைக்குப் போய்ச் சேர வேண்டும். எனக்கு இங்கே உரக்கடை. யூரியா மூட்டைகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அவள் பின்னால் போக முடியாது. அவள் அங்கிட்டு, நான் இங்கிட்டு என்று ஆகிவிடும்.

விஜயதசமி காலையில் சாமி கும்பிட்டுவிட்டு ஒயரை மோடத்தில் மாட்டினேன். விளக்கு எரியவில்லை. கழற்றி மாட்டினேன். ஊதி மாட்டினேன். மோடத்தை நிறுத்திப் போட்டேன். கம்ப்யூட்டரை நிறுத்திப் போட்டேன். என்னைத்தான் நிறுத்திப் போட முடியவில்லை. மாடிப்படியில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தேன். மொட்டை மாடிச் சுவரில் ஒரு மயில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் பறந்தேன். கடைவாசல்களில் முந்தின நாள் உடைத்த பூசணிக்காய்கள் சிவந்து கிடந்தன. மழைக்கு முந்தைய வெளிச்சம் தெருவை மஞ்சளாக்கி வைத்திருந்தது. எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பதுபோல, ஓசையே இல்லாமல், மெதுவாக நகர்ந்தது. என் நெஞ்சு மட்டும் பம்புசெட் மாதிரி அடித்துக்கொண்டிருந்தது.

கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவன் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன்.

"என்ன மாப்ள, மூஞ்சி வெளிறிப் போயிருக்கு?"

"ஒயரு செத்துப் போச்சு மச்சான். மயில் கொத்திருச்சு."

"கொத்துனத நீ பாத்தியா?"

"மயிலும் மாடியில இருந்துச்சு, ஒயரும் மாடியில இருந்துச்சு. வேற என்ன சாட்சி வேணும் ஒனக்கு?"

"மோடத்துல வேற ஓட்டையில சொருகிப் பாத்தியா?"

பார்த்தேன் என்று தலையாட்டினேன். பயந்த நேரத்தில் என் தலை எதற்கு வேண்டுமானாலும் ஆடும்.

அவன் இரண்டு சுருள்களை எடுத்துப் போட்டான். ஒன்று இறகு மாதிரி லேசாக இருந்தது. அதன் கம்பியைப் பிளேடால் சுரண்டிக் காட்டினான்; செம்பு நிறத்துக்குக் கீழே வெள்ளையாக மின்னியது.

"மேல செம்புப் பூச்சு, உள்ள அலுமினியம். இது வேணாம் ஒனக்கு. மாடி ஏறி இம்புட்டு தூரம் போகணும்னா முழுச் செம்பு எடு. கேட் சிக்ஸ்னு இந்த ரகம் போதும். அந்த நீலம் ரூமுக்குள்ள போடுறது, வெயில்ல கெடந்தா தோலு வெடிச்சிரும். வெளிய போடுறதுக்குன்னே இந்தக் கருப்பு. கரண்ட் ஒயரோட சேத்துக் கட்டாத. மூலையில ஒடிச்சு மடக்காத. சொருகுனா டிக்குனு சத்தம் கேக்கணும். ஏதாவது கோளாறுன்னா ஒரு நேரத்துல ஒண்ண மட்டும் மாத்திப் பாரு. ஒம்மாரி அம்புட்டையும் பிடுங்கிப் போட்டா எது கெட்டுச்சுன்னு எவனுக்குத் தெரியும்?"

ஒயரின் இரண்டு முனைகளுக்கும் தலை பொருத்தி, சோதிக்கிற கருவியில் மாட்டினான். எட்டுச் சின்ன விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்து ஓடின. ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம் என்று உள்ளே இருக்கும் கம்பிகளின் நிறங்களை அவன் முணுமுணுத்தான். ஏதோ ஆற்றின் அக்கரையில் யாரோ விளக்குப் பிடித்துக்கொண்டு வரிசையாக நடந்து போகிறார்கள், நான் இக்கரையில் ஈரமணலில் நிற்கிறேன் என்று தோன்றியது. அவன் என் தோளைத் தட்டிய பிறகுதான் கடைக்குள் வந்தேன்.

வீட்டில் பழைய ஒயரை உருவிப் போட்டுவிட்டுக் கருப்பை இழுத்து மாட்டினேன். டிக்கென்று சத்தமும் கேட்டது. விளக்கு எரியவில்லை.

சென்னையில் ஏதோ ஒரு விடுதி அறையில் அவள் தலைமுடியை உலர்த்துகிறாள். நான் இந்தக் கூடத்தில் மோடத்துக்கும் ஒரு தட்டு வைத்து, எதிரெதிரே உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிடுகிறேன். அது ஊறுகாய் கேட்கிறது. இவ்வளவும் ஒரு நொடியில் தெரிந்தது.

"ஏங்க, என்ன கண்ணத் தொறந்துக்கிட்டே தூங்குறீங்க?" மனைவி என்னைத் தள்ளிவிட்டுக் குனிந்தாள். "பக்கத்துல மூணு ஓட்டை சும்மாதான இருக்கு?"

"ஏய், அதத் தொடாத! ஒண்ணாம் நம்பர்தான் மெயினு!"

"யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. ஒன்று என்று எழுதியிருந்தால் அதுதான் பெரிய மனுஷன் என்பது என் எண்ணம்.

இரண்டாவது ஓட்டையின் ரப்பர் மூடியைக் கழற்றினாள். ஒயரின் தலையை முந்தானையில் துடைத்துச் சொருகினாள். பச்சை விளக்கு ஒருமுறை தயங்கிவிட்டுச் சிமிட்டத் தொடங்கியது.

பிறகு செல்போன் வெளிச்சத்தை முதல் ஓட்டைக்குள் அடித்துப் பார்த்தாள். உள்ளே மெல்லிய தங்கக் கம்பிகளின்மேல் சந்தனம் காய்ந்து கெட்டியாகியிருந்தது. நடுவில் குங்குமம்.

"ஓட்டைக்குள்ளயுமா பொட்டு வப்பாங்க?"

"உள்ளதானே சாமி இருக்கு" என்றேன். கீழே கிடந்த நீல ஒயரைப் பார்த்தேன். அதன் தலையிலும் அழகாக ஒரு பொட்டு. மயிலிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

மூன்று மணிக்கு அவள் மாடி அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் மொட்டை மாடியில் காவல். மேகம் தாழ இறங்கி, தென்னை ஓலைகள் அசையாமல் நின்றன. பூஜைப் பொரி ஒரு கிண்ணம் நிறைய என் மடியில். உள்ளிருந்து அவள் ஆங்கிலம் சின்ன ஓடைபோல வந்துகொண்டிருந்தது. ஒன்றும் புரியாமல் கேட்க அது எவ்வளவு நன்றாக இருந்தது! கண் சொருகியது.

கண்ணைத் திறந்தபோது மயில் தரையில் நின்றது. கழுத்தை நீட்டி, தலையைச் சாய்த்து, கருப்பு ஒயரையே பார்த்துக்கொண்டிருந்தது. நீலத்தை அது ஒருநாளும் சட்டை செய்ததில்லை. இப்போது பளபளவென்று புதுசாக நீண்டு கிடப்பது அதன் கண்ணுக்கு என்னவாகத் தெரியும் என்று எனக்குப் புரிந்துவிட்டது. நல்ல கருநாகம், மதியச் சாப்பாடு.

ஓர் அடி எடுத்து வைத்துக் கொத்தியது. அதட்டினால் என் சத்தம் கம்பெனிக்குப் போய்விடும். விரட்டினால் அதன் காலில் ஒயர் சிக்கிவிடும். ஒரு பிடிப் பொரியை அள்ளி மெதுவாகத் தூவினேன். மயில் யோசித்தது. பாம்பா, பொரியா? பொரியிடம் வந்தது. அடுத்த பிடியைச் சற்றுத் தள்ளித் தூவினேன். நான் பின்னாலேயே நகர, அது பின்தொடர, மாடியின் மறுகோடிவரை இருவரும் ஊர்வலம் போனோம். மழை ஒன்றிரண்டு துளி விழுந்தது. உள்ளே அவள் குரல் அறுபடாமல் ஓடிக்கொண்டிருந்தது.

கிண்ணத்தில் அடிப்பொரி கிடக்கும்போது கதவு திறந்தது.

"சரியாப் போச்சுங்க. இங்கயே இருந்து வேலை பாக்கச் சொல்லிட்டாங்க." என்னையும், மயிலையும், வெள்ளையாகிக் கிடந்த மாடியையும் பார்த்தாள். "என்னங்க கூத்து இது?"

கிண்ணத்தை அவளிடம் நீட்டினேன். ஒரு பிடி எடுத்து, பாதியை வாயில் போட்டுக்கொண்டு, மீதியை மயிலுக்கு வீசினாள்.