அர்ஜுனன் வீட்டில் ராக்கெட் விழுவதில்லை

ஜெயலெட்சுமிக்கு ராக்கெட் வெடித்த செய்தி என்றால் உயிர். பாயான் லெப்பாஸ் போகிற தொழிற்சாலை பஸ்ஸில் மற்ற பெண்கள் தூங்கி வழிவார்கள். இவள் மட்டும் முதல் நாள் பேப்பரை மடியில் விரித்து, எந்த நாட்டு ராக்கெட் எங்கே விழுந்தது என்று எனக்குப் படித்துக் காட்டுவாள். ஆள் ஏறாத சோதனை ராக்கெட் மட்டும்தான். ஆள் செத்த செய்தி என்றால் பக்கத்தைப் புரட்டிவிடுவாள்.

"விழட்டும்டி. சோதனைல விழுந்தா நல்லதுதான் லா. எங்க கோளாறுன்னு தெரிஞ்சிடும்ல," என்பாள்.

அவள் வேலை அப்படி. சோதனைப் பிரிவில் லைன் லீடர். சிப்புகளைச் சூட்டுப் பெட்டியில் வைத்து வாட்டி, எது தாங்குகிறது, எது சாகிறது என்று பார்க்கிற பிரிவு. நான் பேக்கிங். அவள் பிரிவைத் தாண்டாமல் ஒரு பெட்டிகூட எங்களிடம் வராது.

அப்பாவும் அம்மாவும் நிபோங் திபால் தோட்டத்தில் அடுத்தடுத்துக் கண்ணை மூடியதும், பள்ளிக்கூடத்தை விட்டு இந்தத் தொழிற்சாலைக்கு வந்தவள் அவள். தங்கை பத்மாவதியை டத்தோ கிராமாட்டில் வாடகை வீட்டில் வைத்து வளர்த்து, படிக்க வைத்து, டீச்சர் ஆக்கினாள். தன்னைப் பெண் கேட்டு வந்தவர்களை எல்லாம் 'சின்னவளுக்கு முடியட்டும்' என்று அனுப்பிவிட்டாள்.

அந்தச் சின்னவளுக்கு எங்கள் தொழிற்சாலை இன்ஜினியர் அர்ஜுனனையே பேசி முடித்தார்கள். 1996ஆம் வருஷம் அது. நிச்சயமான பெண் மாப்பிள்ளை வீட்டுக்குத் தனியாகப் போகக் கூடாது, அக்கா துணைக்குப் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் பத்மாவதி வருங்கால மாமியாரோடு அடுப்படியில் நிற்க, துணைக்குப் போனவள் ஹாலில் கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அர்ஜுனன் தன் கம்ப்யூட்டரில் ராக்கெட் விடுகிற ஆட்டம் ஒன்றைப் போட்டுக் காட்டினான். எரிபொருள் ஏற்றலாம், கோணம் வைக்கலாம், மேலே அனுப்பலாம். இவளுக்கு வேறென்ன வேண்டும்!

ஆனால் ராக்கெட் லேசாகச் சாய்ந்தாலே போதும், அவன் ஒரு பொத்தானைத் தட்டிவிடுவான். மறு நொடி புத்தம் புதுசாக ஏவுதளத்தில் நிற்கும்.

"விடுங்க தம்பி, விழட்டும். எங்க உடையுதுன்னு பாப்போம்."

"எதுக்குக்கா? திரும்ப ஆரம்பிச்சா போச்சு லா."

மறுநாள் பஸ்ஸில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். "அவங்க வீட்ல ராக்கெட்டு விழறதே இல்லடி."

ஜூன் மாதம் ஐரோப்பியர்கள் விட்ட புது ராக்கெட் ஒரு நிமிஷம்கூடத் தாங்காமல் வானத்தில் சிதறியது. தென்னமெரிக்காவில் ஏதோ அலையாத்திச் சேற்றில் இறங்கித் துண்டு துண்டாகப் பொறுக்கினார்களாம். காரணம் பிறகு வந்தது. பழைய ராக்கெட்டுக்கு எழுதிய புரோகிராமில் ஒரு பகுதியை, புது ராக்கெட்டின் பாதைக்குச் சோதித்துப் பார்க்காமல், அப்படியே வைத்துவிட்டார்களாம். அந்த ஞாயிறு முழுக்க இருவருக்கும் அதே பேச்சு. ஆட்டத்தில் விழுந்தால் அழித்துவிடலாம், நிஜத்தில் விழுந்தால் சேற்றில் இறங்கித்தான் ஆக வேண்டும் என்றாளாம் இவள். இவ்வளவு படித்தவர்கள் இதைக்கூடப் பார்க்கவில்லையா என்று அவன் சிரித்தானாம்.

சிரித்தவன் என்ன செய்தான் தெரியுமா? வருஷக் கடைசியில் எங்களுக்குப் புது ரகச் சிப் ஒன்று வந்தது. அதற்கான டெஸ்ட் புரோகிராமை எழுத வேண்டியவன் அர்ஜுனன். எழுதி முடிக்கவில்லை. சரக்கு அனுப்ப வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. நேரே லைனுக்கு வந்தான்.

"பழைய புரோகிராமையே போட்டு ஓட்டுங்கக்கா."

"தம்பி, அந்த ராக்கெட்டு கதையா ஆயிடப் போவுது."

"ஒண்ணும் ஆவாது. நான் பொறுப்பு."

பக்கத்து மெஷினில் இருந்த காமாரியாவுக்கும் அது கேட்டது. மலாய்க்காரி, ஆனால் எங்கள் பேச்சோடு பழகிப் பழகித் தமிழ் புரிந்தவள். புரோகிராமை மாற்றிப் போட வேண்டுமென்றால் இன்ஜினியர் கையெழுத்து வேண்டும், அதுதான் முறை. வேறு எவன் வந்திருந்தாலும் ஜெயலெட்சுமி கையெழுத்து வாங்காமல் பொத்தானைத் தொட்டிருக்க மாட்டாள். ஆனால் தங்கை மாப்பிள்ளையிடம் போய், உன் வாக்கு போதாது, கையெழுத்துப் போடு என்று எப்படிக் கேட்பாள்? மரியாதைக்காகப் பழையதையே போட்டு ஓட்டினாள்.

சரக்கு போய்ச் சேர்ந்தது. சூடு ஏறியதும் சிப்புகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. அத்தனையும் திரும்பி வந்தது. மேனேஜர் அறையில் விசாரணை வைத்தார்கள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது சார். லைன் லீடர் அவங்களா போட்டுட்டாங்க," என்றான் அர்ஜுனன்.

முந்தின ஞாயிறுகூட அக்கா, அக்கா என்று இடியப்பம் எடுத்து வைத்தவன். வெள்ளிக்கிழமைக்குள் விளக்கம் கொடு, இல்லாவிட்டால் பதவியை எடுத்துவிடுவோம் என்று ஜெயலெட்சுமியிடம் சொன்னார் மேனேஜர். வெளியே வந்ததும், நான் வந்து சொல்கிறேன் அக்கா என்று காமாரியா கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவன் போனால் போகிறான், தங்கைக்குத் தெரிந்தால் அவளே அவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள் என்றுதான் ஜெயலெட்சுமி வீட்டுக்குப் போனாள். பத்மாவதிக்கு எல்லாம் முன்பே தெரிந்திருந்தது. அவன் போன் பண்ணிவிட்டான்.

"நீங்க ஒத்துக்கிட்டா பதவிதான்க்கா போவும். அவருன்னா வேலையே போயிடும். தேதி வேற குறிச்சாச்சு."

"நான் செய்யல பத்மா."

"தெரியும்க்கா. உங்களுக்கு என்ன, தனி ஆளுதானே?"

இதை என்னிடம் சொல்லும்போது அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். யாருக்காகத் தனி ஆளாக நின்றாளோ அவளே அதைச் சொல்லிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை ஜெயலெட்சுமி காமாரியாவைக் கூட்டிக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போய் நடந்ததை நடந்தபடி சொன்னாள். பதவி தப்பியது. கையெழுத்து வாங்காததற்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டாள். அர்ஜுனன் தானாக விலகுகிற மாதிரி விலகி, ஒரே மாதத்தில் வேறு கம்பெனியில் சேர்ந்துவிட்டான். படித்தவனுக்கு என்ன கேடு! பத்மாவதி பெட்டியைக் கட்டிக்கொண்டு சித்தப்பா வீட்டுக்குப் போய்விட்டாள்.

வைகாசி மாதம் கல்யாணம். பஸ்ஸில் பாதிப் பேருக்குப் பத்திரிகை வந்தது, எனக்கும் வந்தது. ஜெயலெட்சுமிக்கு வரவில்லை. ஒளித்துத்தான் வைத்திருந்தேன். அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். அழைப்பவர் என்ற இடத்தில், இத்தனை வருஷம் எட்டிக்கூடப் பார்க்காத சித்தப்பா பேர். மேலே அமரர் என்று போட்டு அப்பா அம்மா பேர். அவள் விரல் ஒவ்வொரு வரியாக இறங்கி, மண்டபத்து விலாசம் வரைக்கும் போய், மறுபடி மேலே வந்தது.

"செத்துப்போனவங்க பேரைக்கூடப் போட்டிருக்காடி," என்றாள்.